எல்லாம் அவன் செயல் என்றால் அண்ணன் மேல் தப்பு உண்டா?

கேள்வி ஏற்காட்டிலிருந்து வந்தது. சேலம் கோட்டை அழகிரிநாதர் கோயில் பக்கம் சனிக்கிழமை சாயந்திரம் நாங்கள் சிலர் உட்கார்ந்து கீதை வாசிக்கிறோம். அதற்கு மலையிலிருந்து இறங்கி வரும் தம்பி ஒருவர், எல்லோர் முன்னாலும் கேட்கக் கூச்சப்பட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கேட்டது சுருக்கமாக இது:

“ஐயா, கீதை 18ஆம் அத்தியாயத்தில் 61ஆம் சுலோகம், ஈசுவரன் எல்லா உயிர்களின் நெஞ்சிலும் இருந்துகொண்டு, இயந்திரத்தில் ஏற்றி வைத்ததைப் போல அவற்றைச் சுழற்றுகிறான் என்கிறது. 63ஆம் சுலோகத்தில், ‘முழுவதும் யோசித்துப் பார், பிறகு உன் இஷ்டப்படி செய்’ என்கிறார் கண்ணன். சுழற்றப்படுகிறவனுக்கு இஷ்டம் ஏது? எங்கள் வீட்டில் இது வெறும் பாடக் கேள்வி இல்லை. அண்ணன் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களை வெட்டி விற்றார். செடிகளில் தண்டுத் துளைப்பான் இறங்கியது. அந்த வருஷம் பூ மலர்த்த வேண்டிய கோடை மழையும் வரவில்லை. இப்போது ‘எல்லாம் அவன் செயல்’ என்று சொல்லிவிட்டுத் தோட்டப் பக்கமே போகாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்வது சாஸ்திரப்படி சரியா, தப்பா?”

தம்பி, முரண்பாட்டை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை என்று மழுப்பப் போவதில்லை. நீங்கள் காட்டியதைவிடக் கடினமான இடங்களும் இருக்கின்றன, அவற்றையும் சேர்த்தே வைத்துக்கொள்வோம்.

கடோபநிடதத்தில் முதல் அத்தியாயம், இரண்டாம் வல்லி, அதாவது இரண்டாம் பகுதி. தொடங்கும்போதே யமன் நசிகேதனிடம் சொல்கிறான்: நன்மை தருவது, இனிப்பாக இருப்பது என இரண்டும் மனிதன் முன்னால் வந்து நிற்கின்றன, அறிவுள்ளவன் ஆராய்ந்து நன்மையைத் தேர்ந்துகொள்கிறான். தேர்வு மனிதன் கையில். அதே வல்லியின் 23ஆம் மந்திரத்துக்கு வந்தால், இந்த ஆத்மா பேச்சாலோ புத்தியாலோ நிறையக் கேட்டறிவதாலோ கிடைப்பதில்லை. அது எவனைத் தேர்ந்துகொள்கிறதோ அவனுக்கே கிடைக்கும் என்று இருக்கிறது. தேர்வு இப்போது அந்தப் பக்கம் போய்விட்டது. கௌஷீதகி உபநிடதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எவனை உயர்த்த நினைக்கிறானோ அவனை நல்ல காரியம் செய்ய வைக்கிறான், எவனைக் கீழே தள்ள நினைக்கிறானோ அவனைக் கெட்ட காரியம் செய்ய வைக்கிறான் என்று பச்சையாகவே சொல்கிறது.

நம் வள்ளுவரையும் விட்டுவிட முடியாது. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று 380ஆம் குறளில் கேட்டவர்தான், ‘ஊழையும் உப்பக்கம் காண்பர்’ என்று 620இல் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பட்டிமன்றம் நடத்துவார்கள். ஆனால் எனக்கு உண்மையில் தொல்லை தருவது 371தான்: ‘ஆகூழால் தோன்றும் அசைவின்மை.’ முயற்சியின் பலன் ஊழால் வருகிறது என்று சொன்னால் ஏற்றுக்கொண்டு போய்விடலாம். சோர்வில்லாத முயற்சியே ஊழால்தான் தோன்றுகிறது என்கிறார். இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இரண்டு சமாதானங்களை முதலிலேயே ஓரமாக வைத்துவிடுகிறேன். ஒன்று, இவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் எழுதிச் சேர்த்தவை, அதனால்தான் ஒட்டவில்லை என்பது. ஒரே வாய், ஒரே மூச்சில் பேசும் 61க்கும் 63க்கும் அது பொருந்தாது. கண்ணனுக்குத் தான் முன் சொன்னது மறந்துபோயிருக்காது. இன்னொன்று அத்வைதம் சொல்வது. ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணமே ஆத்மாவின் மேல் ஏற்றப்பட்டது, ஞானம் வந்தால் செய்பவனும் இல்லை, செய்விப்பவனும் இல்லை. இது பெரிய தரிசனம், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அந்த ஞானம் வராமல் தோட்டக் கடனோடு நிற்கிற உங்கள் அண்ணனுக்கு இன்றைக்கு அது பதில் ஆகாது.

நான் உங்களைப் பார்க்கச் சொல்வது வேறு இடம். ஒரு வசனம் என்ன சொல்கிறது என்பதோடு, அதை யார், யாரிடம், எதற்காகச் சொல்கிறார்கள் என்றும் பாருங்கள்.

மகாபாரதம் சபா பருவத்தில் சூதாட்டத்துக்கு நாள் குறிக்கிறார்கள். வேண்டாம், குலம் அழியும் என்று விதுரர் தடுக்கிறார். திருதராஷ்டிரன் சொல்லும் பதில் என்ன தெரியுமா? படைத்தவன் விதித்ததன் வசத்தில்தான் இந்த உலகம் முழுவதும் இயங்குகிறது, அதற்குச் சுதந்திரம் கிடையாது என்கிறான். கீதை 18:61க்கும் இதற்கும் கருத்தில் பெரிய வித்தியாசமே இல்லை, கவனித்தீர்களா? ஆனால் அவன் அதைச் சொல்வது, தன் மகன் ஆசைப்பட்ட ஒரு தப்பான காரியத்துக்கு வழிவிடுவதற்காக. தடுக்கும் அதிகாரம் தன் கையில் இருக்கும்போது, அது இல்லாதது போல் காட்டிக்கொள்வதற்காக.

அப்புறம் போர்க்களச் செய்தியைச் சஞ்சயன் வந்து வந்து சொல்லும்போதெல்லாம் திருதராஷ்டிரன் விதியை நொந்து அழுகிறான். சஞ்சயன் ‘ஆமாம் ராஜா, விதி’ என்று ஒத்து ஊதிவிட்டுப் போவதில்லை. இது உன் தவறால் வந்தது என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். துரோண பருவத்தில் ஓர் இடத்தில், தண்ணீர் எல்லாம் ஓடிப்போன பிறகு கரை கட்டுவதைப் போன்றது உன் புலம்பல் என்றும் சொல்கிறான். கீதையை நமக்குச் சொல்பவனே சஞ்சயன்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். ‘ஈசுவரன் சுழற்றுகிறான்’ என்ற சுலோகத்தைத் தன் வாயால் சொன்னவன், அதைத் திருதராஷ்டிரனுக்குச் சாக்காக எடுத்துக் கொடுக்கவில்லை.

இப்போது கண்ணன் பக்கம் வாருங்கள். 11:33இல் ‘இவர்கள் முன்பே என்னால் கொல்லப்பட்டுவிட்டார்கள், நீ கருவியாக மட்டும் இரு’ என்கிறார். தெய்வச் சித்தத்தைப் பற்றி இதைவிட அழுத்தமாக ஒன்றைச் சொல்ல முடியாது. ஆனால் அதே சுலோகம் தொடங்குவது ‘ஆகவே எழுந்திரு’ என்று. வில்லைப் போட்டுவிட்டுத் தேர்த்தட்டில் உட்கார்ந்தவனை எழுப்புவதற்காகச் சொன்னது அது. 18:61க்கு அடுத்த 62ஆம் சுலோகமும் சும்மா இரு என்று சொல்லவில்லை. அவனையே முழு மனதோடு சரணடை என்று ஒரு காரியத்தைச் செய்யச் சொல்கிறது. தானே செய்பவன் என்ற பெருமையிலும் பயத்திலும் கட்டுண்டு கிடந்த ஒருவனை அவிழ்த்துவிடத்தான் கண்ணன் தெய்வச் செயலைப் பேசுகிறார். நடந்ததற்குக் கணக்குச் சொல்லாமல் நழுவத்தான் திருதராஷ்டிரன் பேசுகிறான். வார்த்தை ஒன்றுதான்.

இன்னொரு இடமும் பாருங்கள். 3:36இல் அர்ஜுனன் உங்கள் கேள்வியை நேராகவே கேட்கிறான்: விருப்பமில்லாத போதும், யாரோ பலவந்தமாகத் தள்ளுவதைப் போல, மனிதன் எதனால் தூண்டப்பட்டுப் பாவம் செய்கிறான்? ‘ஈசுவரன் செய்விக்கிறான்’ என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கண்ணனுக்குக் கிடைத்திருக்காது. அவர் அதைச் சொல்லவில்லை. காமம், கோபம் என்றார். இதுதான் எதிரி, இதை வெல் என்றார். 5ஆம் அத்தியாயத்தில், செய்பவன் என்ற நிலையையும் செயல்களையும் இறைவன் உண்டாக்குவதில்லை, அவன் யாருடைய பாவத்தையும் ஏற்றுக்கொள்வதில்லை என்கிறார். பாவத்தைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவைக்கும் கதவை அவர் தொடர்ந்து மூடிக்கொண்டே போகிறார்.

சரி, இது யார் எதற்குச் சொல்கிறார்கள் என்ற பக்கம். உண்மையில் செய்வது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு நான் படித்ததில் என்னைத் திருப்திப்படுத்திய பதில் ராமானுஜருடையது.

கீதை 18:14 எந்தச் செயலுக்கும் ஐந்து காரணம் சொல்கிறது: உடல், செய்பவன், புலன்களாகிய கருவிகள், பலவிதமான முயற்சி, ஐந்தாவதாகத் தெய்வம். செய்பவனும் பட்டியலில் இருக்கிறான், தெய்வமும் இருக்கிறது. அடுத்து 18:16இல், தான் மட்டுமே செய்பவன் என்று நினைக்கிறவன் சரியாகப் பார்க்காதவன் என்கிறது. தான் மட்டுமே என்பதைத்தான் மறுக்கிறது, செய்பவன் என்பதை மறுக்கவில்லை. உபநிடதக் கருத்துகளைச் சுருக்கமான வாக்கியங்களாகத் தொகுத்த பிரம்ம சூத்திரத்தில் 2ஆம் அத்தியாயம் 3ஆம் பாதத்திலும் இதே வரிசை. ஜீவன் செய்பவன்தான், இல்லாவிட்டால் சாஸ்திரத்துக்கு அர்த்தமே இல்லை என்று ஒரு சூத்திரம். அந்தச் செய்யும் தன்மை பரமாத்மாவிடமிருந்து வருகிறது என்று சற்றுத் தள்ளி ஒன்று. உடனே அடுத்ததில், ஜீவன் எடுத்த முயற்சியைப் பார்த்தே அவன் செய்விக்கிறான்; இல்லையென்றால் இதைச் செய், இதைச் செய்யாதே என்ற கட்டளைகள் வீணாகிவிடும்.

இதற்கு உரை எழுதும்போது ராமானுஜர் ஓர் உதாரணம் தருகிறார். இரண்டு பேருக்குப் பொதுவான ஒரு சொத்து இருக்கிறது. ஒருவர் அதை மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க நினைக்கிறார். மற்றவர் சம்மதிக்காமல் அது நடக்காது. ஆனால் கொடுக்க வேண்டும் என்று கிளம்பியதும், சம்மதத்தைக் கேட்டு வாங்கியதும் முதல் ஆள். ஆகவே அதன் பலன் அவருக்கே. கூட்டுப் பட்டா நிலத்தை விற்கப் பத்திர ஆபீஸ் போன எந்தக் குடும்பத்துக்கும் இது புரியும். கையெழுத்து இரண்டு, அதில் இரண்டாவது இல்லாமல் பத்திரமே இல்லை. ஆனாலும் நிலத்தை விற்றது யார் என்று ஊரில் கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள்.

ஆக, ‘அவனன்றி ஓரணுவும் அசையாது’ என்பது முழுக்க உண்மை. அந்த இரண்டாவது சம்மதம் இல்லாமல் விரல்கூட மடங்காது. நான் செய்தேன் என்பதும் முழுக்க உண்மை. பாதி அவன், பாதி நான் என்று பங்கு பிரிக்க வேண்டியதே இல்லை. கீதையின் 13ஆம் அத்தியாயம் பரமாத்மாவை உடனிருந்து பார்ப்பவன், அனுமதிப்பவன் என்று சொல்வதும் இதைத்தான்.

கௌஷீதகி சொன்ன பயங்கரமான வாக்கியத்துக்கும் ராமானுஜர் இங்கேயே பதில் தருகிறார். அது எல்லோரையும் பற்றிச் சொன்னதல்ல. ஏற்கெனவே உறுதியாக அவன் பக்கம் திரும்பிவிட்டவனுக்கு நல்லதில் ருசியை வளர்க்கிறான். உறுதியாக எதிர்ப்பக்கம் நிற்பவனுக்கு அவன் தேர்ந்த வழியிலேயே ருசியை விடுகிறான். இதற்கு அவர் எடுத்துக்காட்டும் கீதை வரி 10:10: எப்போதும் என்னோடு சேர்ந்திருந்து, பிரியத்தோடு வழிபடுகிறவர்களுக்கு, என்னை வந்தடையும் புத்தியைத் தருகிறேன். முதல் அடியை மனிதன் வைக்கிறான், வேகம் அங்கிருந்து வருகிறது. பழகிய எவருக்கும் இது அனுபவத்தில் தெரியும். முதல் பொய்யைச் சொல்லத்தான் கஷ்டம், பத்தாவது தானாக வரும். முதல் நாள் விடியற்காலை எழுவதும் அப்படியே.

தடுக்கக்கூடியவன் ஏன் சம்மதிக்கிறான் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உடலும் சக்தியும் பொதுவாகக் கொடுத்து, எது நல்லது எது கெட்டது என்று சாஸ்திரமும் கொடுத்துவிட்டு, நீ எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று பார்த்துக்கொண்டு அவன் இருக்கிறான் என்பதுதான் ராமானுஜ மரபு சொல்வது. ஒவ்வொரு முறையும் கையைப் பிடித்து நிறுத்தினால் 63ஆம் சுலோகத்தைச் சொல்ல இடமே இருக்காது. இதனால் மனசு முழுக்க அடங்கிவிடுகிறது என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் போய் இதைச் சொல்லவும் மாட்டேன். ஆனால் தப்பு செய்தவன் யார் என்ற கேள்விக்கு இது நேரான பதில்.

371ஆம் குறளுக்கு வருகிறேன். முதல் முயற்சியே ஊழால் தோன்றுகிறது என்றால் ராமானுஜரின் முதல் அடி யாருடையது? அந்த ஊழும் முன்பு நாம் செய்த வினை பழுத்து வந்ததுதானே என்பது மரபான பதில். அப்படிப் பார்த்தால் வள்ளுவர் சொல்வது, நேற்றைய நான் இன்றைய எனக்குச் சோம்பலையோ சுறுசுறுப்பையோ எழுதி வைத்திருக்கிறேன் என்று ஆகிறது. சோம்பல் வரும் என்பது எழுதியிருக்கலாம், அதற்குப் பணிவது எழுதப்படவில்லை. கீதை 3:33இல் எல்லா உயிரும் தன் இயல்பின்படியே போகிறது, அடக்கி என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த சுலோகத்திலேயே விருப்பு வெறுப்பின் வசப்படாதே என்பதும் இதே பிரிவைத்தான் காட்டுகிறது. ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்ற 619 அதனால்தான் எனக்கு 620ஐவிடப் பெரிதாகப் படுகிறது. ஊழை வெல்வாய் என்று 619 வாக்குக் கொடுக்கவில்லை. தோற்றாலும் உழைத்த அளவுக்குக் கூலி உண்டு என்கிறது.

கடோபநிடதத்தின் ‘அவன் தேர்ந்துகொள்பவனுக்கே’ என்பது மட்டும் இன்னும் முழுசாக அவிழாத முடிச்சு. ராமானுஜருக்குப் பின் வந்த நம் வைணவமே அதில் இரண்டாகப் பிரிந்தது. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்வது போல நம் பக்கம் ஒரு பிடி வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலை. பூனை தன் குட்டியைத் தானே கவ்விப் போவது போல எல்லாம் அவன் பொறுப்பு என்பது பிள்ளை லோகாச்சாரியர் வழி வந்த தென்கலை. நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், மோட்சத்தைப் பற்றிப் பேசும்போது பூனைப் பக்கம். கடன், பிள்ளைகள், தோட்டம் பற்றிப் பேசும்போது குரங்குப் பக்கம். இதில் எனக்கு நெருடல் இல்லை, ஏனென்றால் தென்கலை ஆசாரியர்கள் அருளைப் பற்றிச் சொன்னதை வேலையைத் தள்ளிப்போடச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை.

சைவத்திலும் இப்படித்தான். ‘ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடா தாரே’ என்று பாடிய அப்பர்தான் ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்’ என்றும் பாடினார். உழவாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியவர் அவர். ஆட்டுவிக்கிறவன் செதுக்கிக்கொள்வான் என்று அவர் விட்டுவிடவில்லை.

இனி உங்கள் அண்ணன். வன பருவத்தில் திரௌபதி சொல்வதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டலாம். அவளும் முதலில் நொந்துபோய், மனிதர்கள் படைத்தவன் கையில் மரப்பாவைகள் என்கிறாள். தருமன் அதை ஏற்கவில்லை. பிறகு அவளே முயற்சியைப் பற்றிப் பேசுகிறாள்: உழவன் ஏரால் மண்ணைக் கிளறி விதைக்கிறான், பின் பேசாமல் காத்திருக்கிறான், அங்கே மழைதான் காரணம், மழை அருளவில்லை என்றால் உழவன் மேல் குற்றமில்லை, ஏனென்றால் செய்ய வேண்டியதை அவன் செய்துவிட்டான்.

இதை வைத்தே உங்கள் வீட்டுக் கணக்கைப் பிரித்துவிடலாம். பங்குனியில் மழை வராதது உங்கள் அண்ணன் குற்றம் இல்லை. அதற்காக அவர் தன்னை நொந்துகொள்கிறார் என்றால், ‘அவன் செயல்’ என்பதை அந்த இடத்தில் தாராளமாகச் சொல்லலாம், அது உண்மை, ஆறுதலும்கூட. நிழல் மரத்தை வெட்டியது அவர் செய்தது. நிழல் குறைந்து வெயில் விழுந்தால் அரபிகா செடியில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அதிகமாகும் என்பது மலையில் காப்பி வைத்தவர்களுக்குத் தெரிந்த சங்கதி. அங்கே ‘அவன் செயல்’ என்றால் திருதராஷ்டிரன் பேசிய பேச்சு ஆகிவிடும்.

ஆனால் தம்பி, இதை அவரிடம் சொல்லும் விதம் உங்கள் கையில் இருக்கிறது. அண்ணனை உட்காரவைத்து 619ஆம் குறளை ஒப்பித்துக் குற்றப்பத்திரிகை வாசிக்காதீர்கள். கண்ணன் அர்ஜுனனைக் கடிந்தது இரண்டொரு வரிதான். மிச்சமெல்லாம் அவன் கேட்கக் கேட்கப் பக்கத்தில் நின்று பதில் சொன்னதுதான். துளைப்பான் வண்டு ஏப்ரல், மே மாதங்களில் வெளியே பறக்கும், மறுபடி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பறக்கும். அதற்கு முன்னால், தண்டில் வரிவரியாகப் புடைத்து, இலை மஞ்சளாகிப்போன செடிகளைக் கண்டுபிடித்து வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் செடிக்கும் பரவும். வெட்டிய இடத்தில் நிழலுக்குக் கன்றும் நட வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலை இல்லை. எந்த வரிசையில் எந்தச் செடி எப்படி இருந்தது என்பது உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லியே அவரைக் கூப்பிடுங்கள்.